பழுதை நீக்குமுன் பழுதை அறிவோம்

(தேனி மாவட்ட வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முன்னோர் பழமொழி. வீட்டிலோ தோட்டத்து மோட்டார் கொட்டகையிலோ ஒரு பொருள் பழுதுபட்டால் நம்மில் பெரும்பாலோர் அம்பைத்தான் நோகிறோம். மோட்டார் நின்றால் மோட்டாரையும், விளக்கு அணைந்தால் பல்பையும், அடிபம்பில் தண்ணீர் வராவிட்டால் நிலத்தடி நீரையும் குறை கூறுகிறோம். பழுது வெளிப்படும் இடம் வேறு, பழுதுக்குக் காரணமான இடம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் செலவு செய்வதால் வீணாகும் பணமும் காலமும் கொஞ்சமல்ல.

நமது தேனி மாவட்டத்தில் 8 ஊராட்சி ஒன்றியங்களும் 130 கிராமப் பஞ்சாயத்துகளும் உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கில் லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நன்செய் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் விளைகிறது. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலத்துத் திராட்சையும் வாழையும் தென்னையும் கிணற்றையும் பம்புசெட்டையும் நம்பியிருக்கின்றன. ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு பகுதிகளிலோ குடிநீருக்கே ஆழ்துளைக் கிணறு வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு மோட்டார் ஒரு வாரம் நிற்பது ஒரு குடும்பத்தின் சில்லறைத் தொல்லை அன்று. தார் விடும் வாழைக்கும், குடம் ஏந்தி நிற்கும் பெண்களுக்கும் அது பெருந்துன்பமாகும்.

என் கையெழுத்தால் நேர்ந்த பிழை

பிறர் பிழையைக் கூறுமுன் என் பிழையைக் கூறிவிடுகிறேன். பருவமழை பொய்த்த ஓராண்டில், மாசி மாதக் கடைசியில், ஒரு சிற்றூரிலிருந்து அடிபம்பு நின்றுவிட்டதாக மனு வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் பல வற்றியிருந்த சமயம் அது. நான் நேரில் சென்று கைப்பிடியைப் பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. "நீர்மட்டம் தாழ்ந்துவிட்டது, புதிய ஆழ்துளைக் கிணறு தேவை" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டேன். மதிப்பீடு தயாராகி, அனுமதி கிடைத்து, துளையிடும் வண்டி வந்து சேர நாற்பது நாட்களுக்கு மேல் ஆயிற்று. அத்தனை நாளும் அவ்வூர்ப் பெண்கள் ஒரு மைலுக்கு அப்பாலிருந்த தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தனர். தேர்வு நெருங்கிய அந்நாட்களில் தாயோடு தண்ணீருக்குச் சென்று பள்ளிக்கு வராதிருந்த சிறுமியரும் உண்டு.

வண்டி வந்த நாளில் நானும் அங்கிருந்தேன். கூட்டத்தில் நின்ற மூதாட்டியார் ஒருவர், "ஐயா, நானும் பேரனும் மாத்தி மாத்தி அம்பது அறுபது தடவை அடிச்சா ஒரு குடம் தண்ணி வந்துருதே. வத்திப்போன குழாய்னா மொதல்ல வந்திட்டு அப்புறந்தானே நிக்கணும்? இது மொதல்ல வராம அப்புறம்ல வருது" என்றார்.

என் குறிப்பின் பிழை முழுவதும் அச்சொற்களில் அடங்கியிருந்தது. நீர் வற்றிய கிணற்றில் இரவெல்லாம் ஊறிய தண்ணீர் காலையில் முதலில் வரும். சிறிது நேரத்தில் நின்றுவிடும். இங்கு நடந்ததோ இதற்கு நேர்மாறானது. குழாயில் நிற்கவேண்டிய தண்ணீர் எங்கோ கசிந்து கீழே இறங்கிவிடுகிறது. அந்த வெற்றுக் குழாயை மீண்டும் நிரப்புவதற்குத்தான் ஐம்பது அறுபது தடவை அடிக்க வேண்டியிருந்தது. பம்பு மெக்கானிக்கை அழைத்துக் குழாய்களை மேலே எடுத்தோம். ஓர் இணைப்பில் மரை தேய்ந்து கசிந்துகொண்டிருந்தது. அடி வால்வின் ரப்பரும் தேய்ந்திருந்தது. மாலைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. புதுக் கிணற்றுக்கு ஆகும் தொகையில் நூற்றில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. ஆனால் நாற்பது நாள் சுமந்த குடங்களுக்கு நான் என்ன கணக்குக் காட்ட இயலும்?

அடிபம்பின் குறிகள்

அன்று முதல் நான் எந்த அடிபம்பையும் கீழ்க்கண்டவாறு பரீட்சித்த பிறகே குறிப்பு எழுதுகிறேன். பஞ்சாயத்து உறுப்பினர் எவரும் இதைச் செய்யலாம். வேண்டியவை ஒரு வாளியும் ஒரு கடிகாரமும்.

முதலில் தண்ணீர் வரும்வரை அடித்து, பிறகு அரை மணி நேரம் எவரும் தொடாமல் விடவேண்டும். மீண்டும் அடிக்கும்போது ஏறத்தாழ ஐந்து தடவைக்குள் தண்ணீர் வருமாயின் கசிவு இல்லை. அதற்கு மேல் அடிக்க வேண்டியிருந்தால் அடி வால்வையோ குழாய் இணைப்பையோ பார்க்கவேண்டும். அடுத்து, ஒரு நிமிடத்தில் நாற்பது தடவை விடாமல் அடித்து வாளியில் பிடிக்கவேண்டும். பத்து லிட்டருக்கும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் உள்ளிருக்கும் கப் வாஷர் தேய்ந்திருக்கும். கைப்பிடி பாரமின்றி இலேசாக ஆடித் தண்ணீரே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கும், அல்லது கழன்றிருக்கும். முதலில் நன்றாக வந்து, பிறகு நின்று, ஓய்வு கொடுத்தபின் மீண்டும் வந்தால் மட்டுமே நீர்மட்டத்தைச் சந்தேகிக்கலாம். அப்போதும் குழாயை இன்னும் ஆழத்திற்கு இறக்கினால் போதுமா என்று பார்த்த பிறகே புதுக் கிணற்றைப் பற்றி யோசிக்கவேண்டும்.

கோவையில் நடந்த சோதனை

நோயைத் தவறாக அறிவது தனி ஒருவருக்கு மட்டும் நேரும் பிழையன்று. ஒரு நாடே அப்பிழையைச் செய்ததுண்டு. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் வறட்சியைத் தீர்க்க இந்தியக் கிராமங்களில் பாறையைத் துளைத்து ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி, வார்ப்பிரும்பு அடிபம்புகளைப் பொருத்தினார்கள். சில ஆண்டுகளுக்குள் அவற்றுள் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. மக்கள் முரட்டுத்தனமாகக் கையாளுகிறார்கள் என்று பழியை அவர்கள்மீது போடுவது எளிதாயிருந்தது. உண்மைக் காரணமோ பம்பின் அமைப்பிலேயே இருந்தது. மேல்நாட்டுப் பண்ணை வீடு ஒன்றில் ஒரு குடும்பத்தின் உபயோகத்திற்காக அமைந்த பம்பை நூற்றுக்கணக்கானவர் காலைமுதல் இருட்டும்வரை அடித்தால் எப்படித் தாங்கும்?

காரணம் புலப்பட்டதும் பரிகாரமும் பிறந்தது. மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் உருவாகியிருந்த உறுதியான எஃகுப் பம்பின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெப்பின் துணையோடு, 'இந்தியா மார்க் 2' என்னும் பம்பு வடிவமைக்கப்பட்டது. அதன் முன்மாதிரிகள் 1970-களின் பிற்பகுதியில் நமது கோயமுத்தூர் வட்டாரத்தில் பரீட்சிக்கப்பட்டன. மீண்டும் 1983 முதல் சில ஆண்டுகள் அதே வட்டாரத்தில் பெரிய அளவில் கள ஆய்வு நடைபெற்றது. எந்தப் பாகம் எப்போது கெடுகிறது என்று பம்பு பம்பாகக் குறித்துப் பார்த்தபோது, தோல் வாஷர்கள் அடிக்கடி கெடுவதும், நைட்ரைல் ரப்பர் வாஷர்கள் பன்மடங்கு உழைப்பதும் வெளிப்பட்டன. அடிக்கடி கெடும் பாகத்தைக் கழற்றக் குழாய் முழுவதையும் தூக்கவேண்டியிருப்பதே பெருந்தொல்லை என்பதும் தெரிந்தது. அதன் பயனாகக் குழாயை எடுக்காமலே பிஸ்டனை மட்டும் உருவி எடுக்கத்தக்க 'மார்க் 3' உருவாயிற்று. ஊகத்தை விட்டுக் குறித்துவைத்துப் பார்த்ததே இவ்வெற்றியின் இரகசியம்.

மும்முறை எரிந்த காயில்

இனிப் பம்புசெட்டுக்கு வருவோம். சின்னமனூர்ப் பக்கம் ஒரு வாழை விவசாயியின் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. புதிதாகக் கட்டி மாட்டினார். இரு வாரங்களில் மறுபடியும் எரிந்தது. காயில் கட்டியவரைக் கடிந்துகொண்டு வேறொருவரிடம் கொடுத்தார். அதுவும் எரிந்தது. மூன்றாம் முறை வந்த இளம் வயர்மேன் மோட்டாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பலகையிலிருந்த பீஸ் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தார். மூன்றில் ஒன்றின் தொடுமுனை சூட்டினால் கருகித் தளர்ந்திருந்தது. அதன் வழியே வரவேண்டிய மின்சாரம் அவ்வப்போது அற்றுப்போயிற்று. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. மீதி இரண்டிலிருந்து மிகுதியான மின்சாரத்தை இழுத்துச் சூடேறிச் சாகிறது.

இதை முன்கூட்டியே அறிவிக்க ஸ்டார்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. அவ்விவசாயி அது அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று அதனைச் செயலற்றதாக்கி வைத்திருந்தார். குரைத்த நாயின் வாயைக் கட்டிவிட்டுக் கள்ளன் புகுந்தான் என்று அழுவதை ஒக்கும் இது. பீஸ் போகும்தோறும் தடித்த கம்பியைக் கட்டுவதும் இவ்வகையான செய்கையே.

எரிந்த காயிலைப் பிரிக்கும்போது உடனிருந்து பாருங்கள். சுற்று முழுவதும் ஒரே சீராகக் கருகியிருந்தால் மோட்டாருக்குப் பாரம் மிகுந்திருக்கலாம், மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது பேரிங் இறுகியிருக்கலாம். சில பகுதிகள் கருகிச் சில பகுதிகள் புதிதுபோல் இருந்தால் பெரும்பாலும் ஒரு முனை அற்றுப்போனதே காரணம். அப்படியானால் பீஸ் கட்டை, ஸ்டார்டர், மின்கம்பத்திலிருந்து வரும் இணைப்பு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் புதுக் காயிலை மாட்டுவது ஓட்டைப் பானையில் பால் ஊற்றுவதாகும். சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் சுழலாமல் உறுமினால் ஒரு விநாடியும் தாமதியாமல் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் ஏறாத பம்பு

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் நினைவிற்கு வரவேண்டியது புட்வால்வு. தண்ணீர் ஊற்றி எடுத்தால் ஓடி, நிறுத்திய சிறிது நேரத்தில் மறுபடியும் ஊற்ற வேண்டியிருந்தால் புட்வால்வில் சருகோ மணலோ சிக்கியிருக்கும், அல்லது உறிஞ்சு குழாயில் கசிவு இருக்கும். குழாய் இணைப்பிலும் கிளாண்டு கயிற்றிலும் காற்று நுழைந்தாலும் இதே தொல்லை உண்டாகும்.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பம்பு உண்டாக்கும் வெற்றிடத்திற்குள் வெளிக்காற்றின் எடையே தண்ணீரைத் தள்ளுகிறது. அக்காற்றினால் தள்ளக்கூடிய உயரம் கணக்கின்படி சுமார் 34 அடி. நடைமுறையில் 20 அடிக்கு மேல் நம்புவதற்கில்லை. கோடையில் கிணற்று நீர் தாழ்ந்து பம்புக்கும் நீருக்கும் இடையே 30 அடி ஆகிவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பம்பை மாட்டினாலும் தண்ணீர் ஏறாது. பம்பைக் கீழே இறக்கவேண்டும், அல்லது நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறவேண்டும். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி அளந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு குறியும் உண்டு. காயில் கட்டிவந்த பிறகோ, மின்கம்பியில் வேலை நடந்த பிறகோ திடீரெனத் தண்ணீர் பாதியாகக் குறைந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலக்கூடும். பம்பின்மேல் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை வயர்மேன் மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது.

வீட்டிலும் கொட்டகையிலும்

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெட்டிருப்பது கண்டன்சர் என்னும் சிறு பாகமே, காயில் அன்று. பழைய கார்புரேட்டர் மோட்டார் சைக்கிள் சிறிது தூரம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்துத் தானே கிளம்பினால் கார்புரேட்டரைப் பிரிக்குமுன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துவாரம் தூசியால் அடைபட்டால் பெட்ரோல் இறங்காது.

கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்போர், தெளிப்பான் வேகம் குறைந்தால் பம்பைப் பழிக்கிறார்கள். வடிகட்டாத சுண்ணாம்பு நாசிலையும் சல்லடையையும் அடைத்திருப்பதே பெரும்பாலும் காரணம். கலவையைத் துணியில் வடிகட்டுவதும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அலசுவதும் செலவில்லாத பரிகாரங்கள்.

மேற்கு மலைக் கணவாயின் வழியே ஆடிக் காற்று வீசுங்காலத்தில் தெருவிளக்குகள் மினுக்கி அணைவதுண்டு. காற்றடிக்கும்போது மட்டும் மினுக்கினால் விளக்கு கெடவில்லை, இணைப்புத் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளுக.

வீட்டில் சில விளக்குகள் கண்கூசப் பிரகாசித்துச் சில மங்கி எரிந்தால் அது பல்பின் குற்றமன்று. நியூட்ரல் கம்பி அறுந்திருக்கக்கூடும். உடனே மெயினை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டிலும் அப்படியா என்று விசாரியுங்கள். பல வீடுகளிலும் அப்படியானால் பழுது தெருக் கம்பியில் இருக்கிறது. மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-க்குத் தெரிவிக்கவேண்டும்.

பழுதறியும் முறை

மேற்கூறிய யாவற்றிற்கும் பொதுவான முறை ஒன்றுண்டு. அதனை ஆறு விதிகளாகக் கூறலாம்.

1. குறியை முழுமையாகக் கேளுங்கள். "ஓடவில்லை" என்பது குறியன்று. எந்நேரத்தில், எவ்வளவு ஓடியபின், என்ன ஓசையுடன் நின்றது என்பதே குறி.

2. கடைசியாக யார், எதைத் தொட்டார் என்று விசாரியுங்கள். நேற்றுவரை நன்றாயிருந்தது இன்று கெட்டதாயின் இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

3. மலிவானதையும் எளிதில் பார்க்கக்கூடியதையும் முதலில் பாருங்கள். மின்சாரம் வருகிறதா, பெட்ரோல் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை.

4. வழியைப் பாதியாகப் பிரியுங்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தும் தெருக்குழாயில் வராவிட்டால், நடுவிலுள்ள வால்வில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் முன்பாதி நலம்; பழுது பின்பாதியில். இப்படி இரண்டு மூன்று முறை பிரித்தால் இடம் அகப்பட்டுவிடும்.

5. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கு பாகங்களை ஒருசேர மாற்றிச் சரியானால், கெட்டது எது என்பது கடைசிவரை தெரியாது. நான்கிற்கும் விலை கொடுத்திருப்போம்.

6. சரியான பிறகும் "ஏன் கெட்டது?" என்று ஒரு முறை கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காரணம் தெரியாமல் சரியானது மறுபடியும் கெடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பழுதை அறிவது எல்லார்க்கும் உரியது. மின்சாரப் பழுதை நீக்குவது பயிற்சி பெற்றவர்க்கே உரியது. மெயினை நிறுத்தாமல் எதையும் திறக்கலாகாது. ஈரக் கையோடும், ஈரத் தரையில் வெறுங்காலோடும் ஸ்டார்டரைத் தொடலாகாது. மின்கம்பத்தில் ஏறுவதும் டிரான்ஸ்பார்மரைத் தொடுவதும் மின்வாரியப் பணியாளர் அல்லாதார் ஒருபோதும் செய்யலாகாது. ஒரு மணி நேரத் தண்ணீருக்காக உயிரைப் பணயம் வைத்த குடும்பங்களின் கண்ணீரைப் பார்த்தவன் என்ற முறையில் இதை வற்புறுத்துகிறேன்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கது

ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஒரு பழுதுப் பதிவேடு வைத்துக்கொள்வது நலம். அடிபம்பு, மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருவிளக்கு ஒவ்வொன்றிற்கும் ஒரு பக்கம் போதும். பழுது தெரிந்த நாள், கண்ட குறி, மாற்றிய பாகம், ஆன செலவு, கண்டறிந்த காரணம் ஆகிய ஐந்தையும் எழுதிவைத்தால், ஒரே மோட்டார் ஓராண்டில் மும்முறை எரிவது ஏட்டிலேயே கண்ணில் படும். கோடை தொடங்குமுன் எல்லா அடிபம்புகளையும் வாளியும் கடிகாரமும் கொண்டு ஒருமுறை பரீட்சித்து அப்பதிவேட்டில் எழுதிவைக்கலாம். புதுக் கிணற்றுக்குத் தீர்மானம் நிறைவேற்றுமுன் அந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும்.

குறி என்ற இடத்தில் தலைவரோ அலுவலரோ நினைத்ததை எழுதலாகாது. அப்பொருளை நாள்தோறும் உபயோகிப்பவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதவேண்டும். தண்ணீர் சுமக்கும் பெண்களுக்கும், மோட்டார் போடும் கூலியாளுக்கும் தெரிந்தது பத்து நிமிடம் வந்து செல்லும் நமக்குத் தெரிவதில்லை. அன்று அம்மூதாட்டியாரை நான் முதல் நாளே கேட்டிருந்தால், மறுநாளே அவ்வூரார் தண்ணீர் பிடித்திருப்பார்கள்.